பொறாமை அச்சான மத்தியானம்

— பொறாமை அச்சாகி வந்ததை நான் பாத்திருக்கேன் அண்ணி. மெஷின் வாயில இருந்து சுருள் சுருளா வெளிய வந்துச்சு. இந்த ரெண்டு கையாலதான் வாங்கினேன். சூடு தாங்கல.

— அது மை துப்புற மெஷின் தம்பி. அதுல இருந்து காகிதம் ஈரமா, சில்லுன்னுதான் வரும். சூடு எங்க இருந்து வந்துச்சு?

— அதைத்தானே நானும் சொல்றேன். சில்லுன்னு வரவேண்டிய காகிதம் சுட்டுச்சுன்னா, உள்ள என்ன இருந்திருக்கணும்?

— நாளைக்கு மேடையில என்ன பேசறதுன்னு ஒரு யோசனை கேட்டேன். அதுக்கு இவ்வளவு பெரிய புளுகா?

— குறைச்சுத்தான் சொல்றேன். நாளைக்கு நம்ம பழைய ஆபீஸ்ல உங்களுக்கு விழா. நீங்க வரைஞ்ச நூலகப் படத்தை ஹால் சுவத்துல ஆள் உயரத்துக்கு மாட்டியாச்சு. இந்த ஆபீஸ்ல இருந்து போற படமெல்லாம் இன்னிக்கும் மேடம் போட்ட முறையிலதான் அச்சாகுதுன்னு பெரிய சார் மைக்கைப் பிடிக்கப் போறார். ஊரே வருது. அதே வரைபட அறைக்குத் தலைவரா இருந்த உங்க வீட்டுக்காரர் மட்டும் வரமாட்டேன்னு மாடியில படுத்திருக்கார். ஏன்னு கேட்டீங்களா?

— கேட்டேன். முழங்கால் வலியாம்.

— காலையில மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணித் தொட்டியைக் கழுவினாரே, அப்ப?

— அது இன்னொரு முழங்கால்.

— அண்ணி, அது முழங்கால் இல்ல. வயித்தெரிச்சல். அதுவும் சாதாரண வயித்தெரிச்சல் இல்ல. தான் பண்ண வேலை மேலயே பொறாமைப்பட்டு இளைச்சுப்போன ஒரே மனுஷன் உலகத்துல அண்ணன்தான்.

— எங்க இளைச்சார்? அவர் சட்டையைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். கடைசி ரெண்டு பட்டனும் அவருக்குச் சேர மாட்டேங்குது.

— மனசால இளைச்சார். உடம்பு அது பாட்டுக்குப் போயிடுச்சு. தள்ளி உக்காருங்க, முதல்ல இருந்து சொல்றேன். மேடையில நீங்களும் இப்படியே சொல்லிடுங்க. அங்க வர்ற குடும்பத்துக்காரங்களுக்கு நம்ம தொழில் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில கட்டடப் படம் கலர் கலரா இருக்கும். சுவர் மஞ்சள், கதவு பச்சை, தரை ஓடு சிவப்பு. அது அழகுக்கு இல்ல, அடையாளத்துக்கு. காகிதத்துக்கு வரும்போது கலரெல்லாம் உதிர்ந்து எல்லாக் கோடும் கறுப்பாயிடணும். ஆனா எந்தக் கோடு தடியா, எது மெலிசா? அதுக்கு ஒரு சின்ன அட்டவணை. மஞ்சளைப் பாத்தா தடிச்ச பேனாவை எடு, சிவப்பைப் பாத்தா மெலிஞ்ச பேனாவை எடு, இதுக்கு மை முழுசா ஊத்து, அதுக்குக் கொஞ்சமா ஊத்துன்னு மெஷினுக்கு உத்தரவு போடற அட்டவணை. அதுக்குப் பேருதான் பிளாட் ஸ்டைல்.

— அதைப் போட்டவகிட்டயே பாடம் எடுக்கறீங்களா?

— நான் அச்சு ரூம்ல இருந்தவன். நீங்க எல்லாம் வரைஞ்சு தள்ளுவீங்க. அது காகிதத்துல என்ன லட்சணத்துல வந்து விழும்னு முதல்ல பாக்கறது நான்தான். நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ் படம் எப்படி இருக்கும்? சுவரும் ஒரே கோடு, சுவத்துல சாய்ச்சு வெச்ச நாற்காலியும் ஒரே கோடு. கொசுவலை மாதிரி இருக்கும். ஒரு தடவை நெஜமாவே ஒரு கொசு அதுல மாட்டிக்கிச்சு.

— கொசு.

— பெரிய கொசு. அப்புறம் நீங்க வந்தீங்க. யார் கூட்டிக்கிட்டு வந்தது? அண்ணன். என் வீட்டுக்காரி நல்லா வரைவா, ஒரு மேசை கொடுங்கன்னு பெரிய சார்கிட்ட போய் நின்னது அவர்தான். ஆபீஸ்ல அவருக்குப் பேரு ஸ்கேல். நிமிர்ந்து நடப்பார், யாரைப் பாத்தாலும் அளவெடுக்கற மாதிரி பாப்பார். உங்களை எல்லாரும் ஸ்கேல் வீட்டுக்காரம்மான்னாங்க. அவருக்கு அதுல ஒரு பெருமை. சாப்பாட்டு ரூம்ல உங்க டிபன் பாக்ஸை அவரே திறந்து வெப்பார்.

— மூடி இறுக்கமா இருக்கும்.

— மூடி இறுக்கமாவே இருந்திருக்கலாம். நீங்க உக்காந்து எல்லாருக்கும் பொதுவா எளிமையா ஒரு அட்டவணை போட்டீங்க. சுவருக்கு ஒரு தடிமன், மத்ததுக்கு மெலிசு, எல்லாம் கறுப்பு. கொசுவலை போயி படம் படமா வந்துச்சு. பெரிய சார் அச்சு ரூமுக்கே வந்து, இது யார் கைன்னு கேட்டார். அன்னிக்கு ஆரம்பிச்சது. முதல்ல அண்ணன் சிரிச்சார். நம்ம வீட்டுக் கைதானேன்னு சிரிச்சார். அப்புறம் எல்லாரும் சந்தேகம் கேக்க உங்க மேசைக்கு வர ஆரம்பிச்சாங்க. அவர் மேசையைத் தாண்டித்தான் வரணும். தாண்டித் தாண்டி அவர் மேசைப் பக்கத்துல தரையே தேய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவர் நிமிர்ந்து பாப்பார். தன்கிட்ட வரலைன்னதும் தொண்டையைக் கனைச்சுக்குவார். காவல்காரர் உங்களுக்கு முதல்ல வணக்கம் சொல்லிட்டு, சாருக்கு உடம்பு சரியில்லையான்னு அவர் காதுபடவே உங்ககிட்ட கேட்டார் பாருங்க, அன்னிக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடல.

— அன்னிக்கு அவருக்குப் பல்வலி.

— பல்லு, முழங்காலு, ஒவ்வொரு அவமானத்துக்கும் ஒரு உறுப்பு வெச்சிருக்கீங்க அண்ணி. கேளுங்க. ஒரு நாள் புதுசா சேர்ந்த கணக்கர் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கிட்டு வந்து ஒவ்வொருத்தரா அறிமுகம் பண்றார். அண்ணன்கிட்ட வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா?

— தெரியாது.

— 'இவர் மேடத்தோட வீட்டுக்காரர்.' அவ்வளவுதான். தலைமை வரைவாளர்னு ஒரு வார்த்தை இல்ல. அண்ணன் கை குடுத்தார், சிரிச்சார், நேரா அச்சு ரூம் கண்ணாடித் தடுப்புக்கு முன்னாடி வந்து நின்னு தன் முகத்தைப் பாத்தார். நீ யாருன்னு கேட்டார்.

— வாய் விட்டா கேட்டார்?

— கண்ணால. வாயை விட சத்தமா இருந்துச்சு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கறேன், என்னை அவர் பாக்கவே இல்ல. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் மூக்கும், அதுக்குப் பின்னாடி தூரத்துல உங்க மேசையைச் சுத்தி நின்ன கூட்டமும்தான்.

— சரி, மேல சொல்லுங்க. இதுக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்?

— வர்றேன். நூலகம் கட்டச் சொன்னவர் இருக்காரே, நல்ல மனுஷன், ஆனா வரைபடம் படிக்கத் தெரியாது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தலையைத் தலையை ஆட்டிட்டு, கம்பி வேலி மாதிரி இருக்குய்யா, இதுக்குள்ள நான் எங்க நுழையறதுன்னு திருப்பி அனுப்பிடுவார். உங்க அட்டவணையில அச்சான படத்தையும் திருப்பி அனுப்பினார். கடைசியா ஒரு தடவை வர்றேன், அப்பவும் புரியலைன்னா வேற ஆபீஸைப் பாத்துக்கறேன்னுட்டார். பெரிய சார் படத்தை உங்க கையில கொடுத்தார். அண்ணன் கையில கொடுக்கல. உங்களுக்கு எப்படி இருந்துச்சோ, எனக்கு அண்ணன் முகத்தைப் பாக்க முடியல. நூலகக்காரர் மத்தியானம் வர்றார்னா, அன்னிக்கு நீங்க காலையில இருந்து தண்ணிகூடக் குடிக்காம வேலை செஞ்சீங்க.

— தண்ணி குடிச்சேன்.

— ஒரு வாய். எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நீங்களும் போனீங்க. அண்ணன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து, கையைக்கூடச் சரியா துடைக்காம வந்து உங்க மேசையில உக்காந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னாடி, காகிதச் சுருள் அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதுக்கு நடுவுல தலை மட்டும்.

— அங்க இருந்து என் திரை தெரியாது தம்பி. அது ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். மாட்டிக்கிட்டீங்களா?

— திரை தெரியல, அண்ணன் தெரிஞ்சார். அவர் முகத்தைப் படிக்க எனக்குத் திரை எதுக்கு? கூடப் பொறந்தவன். உங்க அட்டவணையைத் திறந்தார். படத்துல ஒரு கோட்டைக்கூடத் தொடல. தொட்டா திரையில தெரிஞ்சுடும். அட்டவணையை மாத்தினா திரையில ஒண்ணும் தெரியாது, சுவர் மஞ்சளாவே இருக்கும், கதவு பச்சையாவே இருக்கும். காகிதத்துல வந்து விழுந்தாத்தான் குட்டு உடையும். மஞ்சள் பேனாவைத் தடிக்க வெச்சார். எவ்வளவு? ஒரு விரல் தடிமனுக்கு.

— ஒரு விரலா? சுவத்துக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாமே.

— சின்ன விரல். அப்புறம் பச்சை, சிவப்பு, நீலம் எல்லாத்துக்கும் மையைக் குறைச்சார். சுவர் மட்டும் பூதம் மாதிரி கறுப்பா நிக்கணும், மத்ததெல்லாம் சீக்கு வந்த மாதிரி வெளிறிப் போகணும். வந்தவர் இது என்ன கர்மம்னு கேக்கணும். பெரிய சார் திரும்பி உங்களைப் பாக்கணும், அப்புறம் அண்ணனைத் தேடிக்கிட்டு அவர் மேசைக்கு வரணும். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரே ஒரு தடவை அந்தச் செருப்புச் சத்தம் அவர் மேசைகிட்ட வந்து நிக்கணும்.

— உங்க அண்ணன் மனசுக்குள்ள நீங்க எப்பப் போய் உக்காந்தீங்க?

— பொறந்ததுல இருந்து அங்கதான் அண்ணி. வாடகைகூடக் கொடுக்கல. நீங்க வந்தீங்க, படத்தை அச்சுக்கு அனுப்பினீங்க. அடுத்த நிமிஷம் அண்ணன் அச்சு ரூமுக்குள்ள. அந்த ரூமுக்குள்ள காலே வெக்காத மனுஷன். மை வாசனை தலைவலிக்கும்பார். மெஷின் தலை இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் போகுது, காகிதம் மெல்ல இறங்குது. முதல்ல ஒரு சுவர் வந்துச்சு. கன்னங்கரேல்னு. அண்ணன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் கொஞ்சம் வந்துச்சு. இன்னும் கொஞ்சம். சந்தோஷம் ஒவ்வொரு அங்குலமா இறங்கிப் போச்சு.

— ஏன்?

— ஏன்னு என்னைக் கேக்கறீங்களா? அதைப் பாத்த கண்ணு இது. சுவரெல்லாம் முன்னாடி வந்து நிக்குது. கதவும் அலமாரியும் மேசையும் ரெண்டு அடி பின்னாடி போய் நிக்குது. தரை ஓடு புகை மாதிரி. வெளிய இருக்கற மரம் மூச்சு விட்டா கலைஞ்சுடும் போல. காகிதம் தட்டையாவே இல்ல. பள்ளம் விழுந்திருந்துச்சு. நான் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் உள்ள போச்சு.

— முழங்கை வரைக்கும்.

— மணிக்கட்டு வரைக்கும். அண்ணன் கை காகிதத்துக்குப் போச்சு. இழுத்துக் கிழிச்சா முடிஞ்சுது. அச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். 'கிழிக்கணுமாண்ணே'ன்னு கேட்டேன். 'ஈரம் காயட்டும்'னார். அவ்வளவுதான் சொன்னார். ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கி அவரே மேசையில விரிச்சார், மை கலைஞ்சிடாம.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, நூலகக்காரர் வந்தார். படத்துல இருக்கற வாசல்ல விரலை வெச்சார். விரல் நடக்குது அண்ணி. நடந்து போய்ச் சுவத்துல முட்டி நின்னுடுச்சு. இங்க வழி இல்லையான்னு கேட்டார். இந்தப் பக்கம் கதவு இருக்குன்னு பெரிய சார் காட்டினதும், உள்ள வரலாமான்னு கேட்டு செருப்பைக் கழட்டினார்.

— செருப்பைக் கழட்டல.

— ஒரு செருப்பைக் கழட்டினார். கம்பி வேலின்னு சொன்ன ஆள், இங்க உக்காந்து படிச்சா வெளிச்சம் இடது பக்கம் வரும் இல்லன்னு கேட்டார். வேலை நம்ம ஆபீஸுக்கு. இப்படி ஒரு முறையை யார் கண்டுபிடிச்சதுன்னு பெரிய சார் கேட்டார். எல்லாரும் திரும்பி உங்களைப் பாத்தாங்க. கடைசி வரிசையில அண்ணன் வாயைத் திறந்தார். நான் பாத்தேன். நான்தான்னு சொன்னா, எதுக்கு உன் பொண்டாட்டி மேசையில போய் உக்காந்தேன்னு அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கிட்டார். எல்லாரும் கைதட்டினாங்க. அவரும் தட்டினார். தன் கையாலயே தனக்குத் தட்டிக்க முடியாம, உங்களுக்குத் தட்டினார்.

— தம்பி.

— இன்னும் இருக்கு. அந்த அட்டவணைக்கு 'மேடம் ஸ்டைல்'னு பேராகிப் போச்சு. ஓய்வு பெறுற வரைக்கும் தினமும் ஒவ்வொரு படத்தை அச்சுக்கு அனுப்பும்போதும் அண்ணன் அந்தப் பேரைத் தேடி அமுக்கணும். தன் புள்ளையை அடுத்த வீட்டுப் புள்ளைன்னு கூப்பிடற மாதிரி. ஆபீஸ்ல இருந்து ஒரு படம் வெளிய போச்சுன்னா அவர் வேலை போகுது, உங்க பேரு போகுது. பக்கத்து ஆபீஸ்காரங்க வந்து காப்பி எடுத்துக்கிட்டுப் போனாங்க, உங்களுக்கு நன்றி சொன்னாங்க. இப்ப சொல்லுங்க, நாளைக்கு ஆள் உயரத்துக்கு மாட்டின அந்தப் படத்துக்கு முன்னாடி வந்து நிக்க எந்த முழங்கால் ஒத்துக்கும்?

— நல்லா அளந்தீங்க. அட்டவணையை நான் போட்டேன். நான் மாத்தினேன். யோசிச்சு, ஒவ்வொரு கலரா, நானே மாத்தினேன். உங்க அண்ணன் சாப்பாட்டு ரூம்லதான் இருந்தார்.

— அப்படின்னா எப்படி யோசனை வந்துச்சு? நாளைக்கு மேடையில கேக்கப் போறது அந்த ஒரே கேள்விதான். காலையில இருந்து அதுக்குப் பதில் இல்லாமத்தானே என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க?

— சட்டை கருகிடும். பேசாம இருங்க.

— யாருகிட்ட என்னடா அளந்துக்கிட்டிருக்க? மாடி வரைக்கும் கேக்குது.

— வாங்கண்ணே, வாங்க. முழங்கால் தானா படி இறங்கிடுச்சா?

— உன் வாய்க்குத்தான் ஓய்வே கிடையாது. நீ இவன் பேச்சைக் கேக்காதம்மா. நான் உன் மேசையைத் தொடல. அது உன் வேலை. முழுக்க உன் வேலை. அதுல எனக்கு ஒரு கோடுகூடக் கிடையாது.

— அப்ப நாளைக்கு வாங்க. முன் வரிசையில உக்காருங்க.

— வேண்டாம்.

— ஏங்க, பொண்டாட்டிக்குப் பேரு வர்றது பொறுக்கலையா?

— அது எப்பவோ பொறுத்தாச்சு. வந்தா கைதட்டணும். அந்தப் படத்துக்கு ஒரு தடவை தட்டியாச்சு, இன்னொரு தடவை என்னால முடியாது. நீ போய் மரியாதையை வாங்கிட்டு வா. நான் வாசல்ல இருந்து கூட்டிக்கிட்டு வர்றேன்.

— கேட்டீங்களா அண்ணி? தொடாத வேலைக்குக் கைதட்டினா கை வலிக்குமா?

— நீ சும்மா இருடா.

— நீங்க சும்மா இருங்க. தம்பி சொன்னதுல கொசு பொய். சூடு பொய். செருப்பு பொய்.

— ஒரு செருப்புன்னு குறைச்சுட்டேனே அண்ணி.

— ரெண்டு செருப்பும் பொய். மிச்சம் நடந்தது.

— உனக்கு எப்படித் தெரியும்? நீதான் அப்ப அங்க இல்லையே.

— சாப்பிட்டு வந்து உக்காந்தேன். கால் தரையில எட்டல. நாற்காலியை ஏத்தினவர் இறக்காமப் போயிருந்தார். அவ்வளவு உயரத்துல உக்கார்ற ஆள் அந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான். என்ன பண்ணியிருக்கீங்கன்னு அட்டவணையைத் திறந்து பாத்தேன். அச்சானா எப்படி வரும்னும் திரையில வர வெச்சுப் பாத்தேன்.

— அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியேவா அண்ணி?

— முன்னாடியே. என் பழைய அட்டவணைக்கு ஒரு நகல் பக்கத்துலயே இருந்துச்சு. ஒரு அமுக்கு அமுக்கினா எல்லாம் பழையபடி ஆயிடும். அமுக்கத்தான் கையை வெச்சேன்.

— ஏன் அமுக்கல?

— மாசக்கணக்கா அந்தப் படத்தை வெச்சுக்கிட்டு முட்டி மோதறேன். சுவர் எழுந்து நிக்க மாட்டேங்குது. நீங்க என்னைக் கெடுக்கணும்னு கோவமா வந்து உக்காந்து, பாதிச் சாப்பாட்டுல, துடைக்காத கையோட, அதை எழுப்பிட்டுப் போயிட்டீங்க. கெடுக்க நினைச்சாக்கூட உங்க கைக்கு அழகுதான் வருது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

— அதுக்கு நீ என்கிட்டயே சண்டை போட்டிருக்கலாம். எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கலாம்.

— திட்டினா நீங்க பண்ணதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

— என் மானம் போகக் கூடாதுன்னா?

— இல்லைங்க. பேரு உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னு. தம்பி சொன்னாரே, மேடம் ஸ்டைல்னு பேராகிப் போச்சுன்னு, அது தானா ஆகல. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பேரைப் போட்டுச் சேமிச்சது நான். நாளைக்கு மேடையில என்ன சொல்றதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. ஆமா, தம்பி சொன்ன மாதிரி பொறாமைதான் அன்னிக்கு அச்சாகி வந்துச்சு. ஆனா அது உங்க பொறாமை இல்ல, என்னோடது.